மந்திரியைப் பார்க்க முடியாது

உள்ள விட முடியாதுங்க. போர்டு பார்த்தீங்கல்ல? பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாதுன்னு பெருசா எழுதிப் போட்டிருக்கு. எழுதுனது நான்தான். போன வாரம் கோயமுத்தூர்லருந்து ஒரு காலேஜ் பஸ்ஸு வந்துச்சு, அம்பது பிள்ளைங்க. ஒரு குரங்கு வாலைக்கூடப் பார்க்காமத் திரும்பிப் போனாங்க. நீங்க சின்னமனூர்தான, இந்தா இருக்கு. உங்களுக்கு அலைச்சல் கம்மி.

கோவிச்சுக்காம உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. மோர் இருக்கு, குடிங்க. கேட்டுக்கு வெளிய என்ன உபசாரம் வேணும்னாலும் பண்ணலாம், அதுக்குத் தடை இல்ல. பையில என்ன, வாழைப்பழமா? பூவன். நல்ல பழம். அதுவும் உள்ள போகாது.

யாரைப் பார்க்கணும்னீங்க? மந்திரியையா? அப்ப அந்த மரக்கடை முதலாளி நீங்கதானா! அட. ஒரு வருசமா இங்க உங்களைப் பத்திப் பேசாத நாள் இல்ல. நல்லவிதமாவான்னு கேக்காதீங்க. நான் நல்லவிதமாத்தான் பேசுவேன்.

எம் பேரு வீரணன். மந்திரி வந்த அன்னைக்கு அவனை வண்டியிலருந்து இறக்குனதே நான்தான். பாரஸ்ட்காரங்க கொண்டாந்தாங்க, போன வருசம் மாசியில. காக்கிச் சட்டை, காக்கி டவுசர் போட்டிருந்தான். உங்க தையக்காரரா? அளவு கச்சிதம். வாலுக்கு ஓட்டை விட்டு, அதைச் சுத்திக் காஜாகூட எடுத்திருந்தாரு. அதைப் போயி மேடம் கத்திரிக்கோல வச்சு வெட்டி எறிஞ்சாங்க. எனக்கு மனசே ஆகல. உள்ள பார்த்தா, இடுப்புல சங்கிலி கிடந்த இடத்துல ஒரு விரல் அகலத்துக்கு வட்டமா முடியே இல்ல. இனிமே முளைக்கவும் முளைக்காதாம். நான்தான் உங்களுக்காகப் பேசுனேன். “லாரி போற ரோடு மேடம், ஒன்பது வருசம் அடிபடாம, தொலைஞ்சு போகாமப் பார்த்திருக்காங்க”ன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கல.

மேடம்னா எஸ்தர் மேடம். மிருக டாக்டரு, நாகர்கோயில் பக்கம். இந்த இடத்தை ஆரம்பிச்சதே அவங்கதான். படிச்சவங்க, நல்லவங்க, குறை சொல்லக் கூடாது. ஆனா காப்பகம் நடத்தத் தெரியாது.

நான் இதுக்கு முந்தி வேற ஒரு காப்பகத்துல ஆறு வருசம் இருந்தேன். எந்த ஊருன்னு கேக்காதீங்க, இப்ப அதை மூடிட்டாங்க. அதுதாங்க காப்பகம். ஞாயித்துக்கிழமையானா திருவிழாக் கூட்டம். ஊஞ்சல் இருக்கும், சின்ன சைக்கிள் இருக்கும், குரங்கு வந்து கை குடுக்கும். குட்டிக்குப் புட்டிப்பால் குடுக்க ஜனம் வரிசையில நிக்கும். எப்பப் போனாலும் குட்டி இருக்கும், சித்திரையிலயும் இருக்கும், மார்கழியிலயும் இருக்கும். அதோட தாயெல்லாம் எங்கன்னு நான் கேட்டதில்ல. வளந்த குட்டியெல்லாம் எங்க போச்சுன்னும் கேட்டதில்ல. நமக்கு எதுக்கு, வந்த ஜனம் சந்தோசமாப் போச்சா இல்லையா, அதான முக்கியம்.

இங்க குட்டியே கிடையாது. ஆம்பளைக் குரங்குக்கெல்லாம் ஆபரேசன் பண்ணி விட்டுட்டாங்க. நான் கேட்டேன், “என்ன மேடம், காப்பகம்னா நாலு குட்டி பெருக வேணாமா?”ன்னு. “இது காலியாகணும் வீரணன். வெளிய எவனும் குரங்கைப் பிடிச்சுக் கட்டிப்போடக் கூடாது. இங்க இருக்கிறதெல்லாம் வயசாகி நல்லபடியாச் சாகணும். ஒருநாள் இந்தக் கேட்டைப் பூட்டிச் சாவியைக் கிணத்துல போட்டுட்டு நான் ஊருக்குப் போகணும். அதுக்குத்தான் நடத்துறேன்”ங்கிறாங்க. நீங்க வியாபாரி, சொல்லுங்க. மூடுறதுக்குன்னே கடை திறந்தவங்களை எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா?

சாப்பாட்டைக் கேளுங்க. தட்டுல வைக்கக் கூடாது. கையால குடுக்கவே கூடாது. மூங்கில் குழாயில கடலையைப் போட்டு, ரெண்டு பக்கமும் வைக்கோலை வச்சு அடைச்சு, மரத்துல கட்டணும். இன்னைக்குக் கட்டுன கிளையில நாளைக்குக் கட்டக் கூடாது. காலம்பற நாலு பேரு சேர்ந்து சாப்பாட்டை ஒளிச்சு வைக்கிறோம், பகல் பூரா அதுங்க தேடுதுங்க. கேட்டா, “தட்டுல வச்சா அஞ்சு நிமிசத்துல தின்னுரும், மிச்ச நேரம் என்ன பண்ணும்?”ங்கிறாங்க. என்ன பண்ணும், சும்மா இருக்கும். சும்மா இருக்கிறதுக்குத்தான மனுசன் நாள் பூரா மாடா உழைக்கிறான்.

போன வைகாசியில மதுரையிலருந்து ஒரு பெரிய மனுசரு வந்தாரு. மகனுக்குப் பிறந்தநாள். மடியில ஒரு குரங்கை வச்சு ஒரே ஒரு போட்டோ, அதுக்கு ஒரு புது ஜீப்பே வாங்கித் தர்றேன்னாரு. எங்க ஜீப்புக் கதவைக் கயித்தால கட்டி வச்சிருக்கோம். மேடம் அவருக்கு டீ குடுத்து, பையனுக்கு பிஸ்கட் குடுத்து, கும்பிட்டு அனுப்பிட்டாங்க. மறுநாள் நாங்க கயித்தை மட்டும் புதுசா மாத்திக்கிட்டோம்.

என்ன கேட்டீங்க? இப்படி அடைச்சு வைக்கிறதுக்குக் காட்டுல விட்டா என்னன்னா? நானும் கேட்டேன். மத்ததுங்க பேச்சை விடுங்க, மந்திரியை விட்டா அவன் காட்டுக்கா போவான்? நேரா ரோட்டுக்கு வந்து முதல் டீக்கடையில உக்காருவான். அவனுக்குத் தெரிஞ்ச காடு அதுதான்.

சரி, விசயத்துக்கு வாரேன்.

வந்த புதுசுல தனிக்கூண்டு. எல்லாத்துக்கும் அப்படித்தான், நோய்நொடி இருக்கான்னு பார்க்க. நாம மாஸ்க்கு போட்டுக்கிட்டுத்தான் கிட்டப் போகணும், நம்ம சளி அதுக்கு ஒட்டிக்குமாம். மந்திரி எதையும் தொடல. குழாயைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். உங்க கடையில என்ன குடுத்து வளத்தீங்க? பரோட்டாவா? டீயுமா. சரி சரி. மூணு நாள் பச்சத் தண்ணிதான். நாலாம் நாள் எனக்குத் தாங்கல. கம்பிவலையில முதுகைச் சாச்சு உக்காந்துட்டேன். வெக்கையா இருக்குன்னு தலைத்துண்டை அவுத்து மடியில வச்சிருந்தேன். பின்னாடியிருந்து ஒரு விரல் வந்துச்சுங்க. வலை வழியா வந்து எந் தலைமுடியைப் பிரிச்சுச்சு. அப்புறம் இன்னொரு விரல். பேன் பார்க்கிறான்.

எனக்கு அம்பத்தாறு வயசு. எங்க வீட்டுக்காரி மாரித்தாயி முப்பது வருசத்துல ஒருநாள் எந் தலையைத் தொட்டதில்ல. நல்ல பொம்பளை, வேலை ஜாஸ்தி. நான் அசையாம உக்காந்திருந்தேன், அரைமணி நேரம் இருக்கும். அழுதேன். மாஸ்க்கு போட்டிருந்ததால யாருக்கும் தெரியல. அன்னைக்கு மத்தியானம் மந்திரி சாப்பிட்டான்.

அதுலருந்து தினமும் பன்னெண்டரைக்கு நான் போயி உக்காருவேன். அவன் தலை பார்ப்பான், அப்புறம் சாப்பிடுவான். நான் ஷாம்பூ போடுறதையே விட்டுட்டேன். பொடுகு கிடுகு இருந்தாத்தான அவனுக்கும் ஒரு வேலை? மாரித்தாயி என்னை வெளித்திண்ணையில படுக்கச் சொல்லிருச்சு. பரவாயில்லைன்னு படுத்தேன். பங்குனியிலருந்து ஆனி வரைக்கும், நாலு மாசத்துல மந்திரி ஆளே தேறிட்டான். “நல்லாப் பார்த்திருக்கீங்க வீரணன்”னு மேடமே சொன்னாங்க. எப்படிப் பார்த்தேன்னு அவங்க கேக்கல, நானும் சொல்லல.

ஆடியில பெரிய அடைப்புக்கு மாத்துனோம். அரை ஏக்கர் இருக்கும், மேலயும் வலை, உள்ள மரம், பாறை, தண்ணிக் குட்டை. பதினோரு குரங்கு. அதுக்கெல்லாம் தலைவி ஒரு கிழவி. ஏதோ ஊசி போட்டு ஆராய்ச்சி பண்ற இடத்துலருந்து வந்தவ, நெஞ்சுல நம்பர் பச்சை குத்தியிருக்கும். மந்திரியை உள்ள விட்டா, அவன் யாருகிட்டயும் போகல. நேரா வந்து, எங்க சமையக்கட்டு வாசல் தெரியிற பக்கமா வலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். கிழவி வந்து பக்கத்துல உக்காருவா. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பன்னெண்டரைக்கு நான் போயி தலையைக் குடுப்பேன். எனக்கு அப்பப் பெருமையா இருந்துச்சு, மறைக்கக் கூடாது.

மேடம் மரத்துக்குப் பின்னாடி நோட்டோட உக்காந்து பதினஞ்சு நாள் எல்லாத்தையும் எழுதியிருக்காங்க. ஒருநாள் கூப்பிட்டு விட்டாங்க. திட்டுவாங்கன்னு போனேன், திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். “குரங்குக்குப் பேன் பார்க்கிறதுதான், வீரணன், பேச்சு, உறவு, சண்டைக்குச் சமாதானம் எல்லாம். அவன்கிட்ட இருக்கிற அத்தனையையும் உங்க தலையில கொட்டிட்டுப் போறான். அங்க இருக்கிறதுகளுக்குக் குடுக்க அவன்கிட்ட எதுவும் மிச்சமில்ல”ன்னாங்க.

“அதனால என்ன மேடம், நான்தான் இருக்கேனே”ன்னேன்.

“நீங்க ஆறு மணிக்கு வீட்டுக்குப் போறீங்களே”ன்னாங்க.

அவங்களே சொன்னாங்க, “சாயங்காலம் ஆறுலருந்து மறுநாள் எட்டு வரைக்கும் அவனுக்கு யாரு? நீங்க நாலு வருசத்துல வேலையை விட்டு நின்னுருவீங்க. அவன் இன்னும் பதினஞ்சு வருசம் இருப்பான். தை வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள கூட்டத்தோட சேரலைன்னா மத்ததுங்க கடிச்சுக் குதறிரும், திருப்பித் தனிக்கூண்டுலதான் போடணும். கடைசி வரைக்கும் தனிக்கூண்டுதான். அதுவரைக்கும் நீங்க அவன் கண்ணுலயும் படக் கூடாது, உங்க குரலும் அவனுக்குக் கேக்கக் கூடாது.” அப்படித்தான் ஆவணி ஒண்ணாந்தேதி இந்தக் கேட்டுக்கு வந்தேன். ஏழு வருசம் மிருகம் பார்த்தவனை வாட்ச்மேனாப் போட்டாங்க. அநியாயம்தான?

சிரிக்கிறீங்க. சிரிங்க. நீங்க ஏன் இத்தனை நாள் கழிச்சு இப்ப வந்திருக்கீங்கன்னு நான் கேக்கவே இல்லையே.

அய்யோ. எப்ப? தை மாசமா? உங்க வீட்டம்மா தவறுனது எனக்குத் தெரியாது முதலாளி. அவங்கதான் மந்திரிக்குப் பரோட்டாவைப் பிச்சுப் பிச்சுப் போடுவாங்களா. அப்ப வீட்டுல இப்ப நீங்க ஒத்த ஆளு. பிள்ளைங்க பெங்களூரா. சாயங்காலம் கடை அடைச்சுட்டுப் போனா சத்தமே இல்லைன்னா, கஷ்டம்தான். இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டுமா?

என்ன சொல்றீங்க? பார்க்க வேணாம், இங்கருந்தே ஒரு குரல் கூப்பிட்டுக்கவா? கேக்குமான்னா, கேக்கும். அந்தா தெரியிற வேப்பமரத்துக்குப் பின்னாடிதான் அடைப்பு. முந்நூறு அடி இருக்கும். லாரிக்காரனைக் கூப்பிட்டுப் பழகின குரலு, தாராளமாக் கேக்கும்.

இருங்க, எந்திரிக்காதீங்க. ஒண்ணு சொல்றேன். மேடத்துக்குத் தெரியாது, மாரித்தாயிக்கும் தெரியாது. கேட்டுட்டு அப்புறம் கூப்பிடுறதுன்னா கூப்பிடுங்க.

ஐப்பசியில ஒரு வாரமா அடைமழை. மேடம் மீட்டிங்னு மதுரைக்குப் போயிட்டாங்க. மந்திரி நனையிறானோ என்னமோன்னு பார்க்கத்தான் போனேன், நல்ல எண்ணத்துலதான். வேப்பமரத்துக்குப் பின்னாடி மறைஞ்சு நின்னு பார்த்தேன். பாறைக்கடியில உக்காந்திருந்தான். தனியா இல்ல. அந்தக் கிழவி அவன் முதுகைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா. அந்த முடியில்லாத வட்டத்தைச் சுத்தி மெதுவா விரலை ஓட்டுறா. அவன் கண்ணை மூடிக்கிட்டு அப்படியே குடுத்துக்கிட்டிருந்தான். மூணு மாசமா நடக்காதது. மேடம் பார்த்திருந்தா துள்ளிக் குதிச்சிருப்பாங்க. நானும் சந்தோசப்பட்டிருக்கணும். படல முதலாளி. எனக்கு அந்தக் கிழவி மேல ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

கூப்பிட்டேன். சத்தமாக்கூட இல்ல. “மந்திரி”ன்னேன்.

வந்தான். கிழவியைத் தள்ளி விட்டுட்டு ஓடி வந்தான். வலை வழியா விரலை நீட்டுனான். நான் தலைத்துண்டை அவுத்தேன். அந்நேரம் பார்த்து ரோட்டுல ஜீப்பு சத்தம், சமையக்காரம்மா சந்தையிலருந்து திரும்பி வருது. நான் ஓடி வந்துட்டேன். கேட்டைத் திறக்கணுமில்ல, என் வேலை அதுதான?

அவன் அங்கயே உக்காந்துட்டான். நாலு நாள், கொட்டுற மழையில, சாப்பிடாம. நடுநடுவுல ஒரு சத்தம் குடுப்பான். உங்களுக்குத் தெரியும், கடையை அடைச்சுட்டு நீங்க கிளம்பும்போது குடுத்திருப்பான். எனக்கு அது இந்த நாற்காலி வரைக்கும் கேட்டுச்சு. கிழவி அதுக்கப்புறம் அவனைச் சேர்க்கல. அவனாக் கிட்டப் போனப்ப தோள்ல கடிச்சுட்டா, ஆறு தையல். அவ கடிச்சதால மத்ததுங்களும் விரட்ட ஆரம்பிச்சுருச்சுங்க. கார்த்திகை, மார்கழி பூரா ஒத்தையிலயே கிடந்தான். பொம்பளைக்கு அவ்வளவு வீம்பு ஆகாதுன்னு நான் அந்தக் கிழவியைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன். மேடம் நோட்டுல என்ன எழுதுனாங்க தெரியுமா? “காரணம் தெரியவில்லை”ன்னு. எனக்கே வாசிச்சுக் காட்டி, “உங்களுக்கு என்ன தோணுது வீரணன்?”னு கேட்டாங்க. மழைதான் மேடம்னேன்.

தை பிறந்துச்சு. மேடம் மனசு கேக்காம, பங்குனி வரைக்கும் பார்ப்போம்னாங்க. தனிக்கூண்டைக் கழுவி வைக்கவும் சொல்லிட்டாங்க. நான் பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்தேன். குரங்குக்காக மொட்டை போட்டவன்னு வெளிய சொல்லிறாதீங்க, முழங்கால் வலிக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்.

மாசிக் கடைசியில ஒருநாள், கிழவி திரும்ப வந்து அவன் பக்கத்துல உக்காந்தாளாம். சமையக்காரம்மா சொல்லுச்சு. இப்ப இருபத்திரண்டு நாளாச்சு. மந்திரி அவளுக்குப் பேன் பார்க்கிறானாம், அவனாவே. ராத்திரி பாறை இடுக்குல பதினோரு குரங்குக்கு நடுவுல அவனும் ஒட்டிக்கிட்டுத் தூங்குறானாம். எல்லாம் கேள்விதான், நான் பார்க்கல. எந்திரிச்சு நூறு எட்டு வச்சா தெரியும். ஆனா இன்னும் ஒரு மழைக்காலம் தாண்டுனாத்தான் நிச்சயம்னு மேடம் சொல்றாங்க. இப்ப ஒரு தடவை முறிஞ்சா அந்தக் கிழவி மறுபடி வரமாட்டா. அவளுக்கும் வயசாச்சு.

போன வாரம் மேடம் வந்து, “வேற அடைப்புல வேலை இருக்கு, உள்ள வர்றீங்களா?”ன்னாங்க. முழங்கால் இன்னும் சரியில்ல மேடம், இங்கயே இருந்துக்கறேன்னுட்டேன். நம்பிட்டாங்க. படிச்சவங்களை ஏமாத்துறது ரொம்ப லேசு.

இப்பச் சொல்லுங்க முதலாளி. மறந்திருப்பானோ, கூப்பிட்டா வரமாட்டானோன்னுதான உங்களுக்குப் பயம்? அந்தப் பயமே வேணாம். வருவான். ஒன்பது வருசம் சோறு போட்டிருக்கீங்க, எப்படி வராம இருப்பான்? அந்தக் கிழவியைத் தள்ளி விட்டுட்டு, கையில இருக்கிறதைப் போட்டுட்டு வருவான். வந்து வலையைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பான். நீங்க அஞ்சு மணிக்குச் சின்னமனூர் போயிருவீங்க.

உக்காருங்க, அவசரமில்ல. இந்தாங்க துண்டு, சுத்தமானதுதான். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

பழத்தை என்கிட்டக் குடுக்காதீங்க. குடுத்தா நான் உள்ள கொண்டு போயிருவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.

கிளம்புறீங்களா? சரி. அந்த அம்பாசிடரா உங்க வண்டி? எத்தனை வருசமா வச்சிருக்கீங்க? பதினெட்டா? அப்பத் தினமும் அதுலதான் கடைக்கு வந்து இறங்கியிருப்பீங்க. நல்லவேளை, நீங்க வர்றப்ப உள்ள தண்ணி மோட்டார் ஓடிக்கிட்டிருந்துச்சு, வண்டிச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்காது. இப்ப நிறுத்திட்டாங்க.

சாவியைத் திருப்பாதீங்க. கதவையும் இங்க சாத்தாதீங்க, கீழ போயிச் சாத்திக்கங்க. மெயின் ரோடு வரைக்கும் சரிவுதான். நியூட்ரல்ல போட்டுட்டு ஸ்டியரிங்கை மட்டும் நேராப் பிடிச்சுக்கங்க முதலாளி, நான் தள்ளுறேன்.